குனிந்து பார்க்கும் நிலம்

லண்டன் சிவப்பு பஸ்ஸிலேயே ஏறி நாட்டுப்புறம் போய்ச் சேரலாம் என்றால் எங்கள் ஆட்கள் பலர் நம்புவதில்லை. புரொம்லியில் 146ஆம் இலக்க பஸ் எடுத்தால், டவுன் என்றே பெயர் கொண்ட ஒரு சிற்றூரில் கொண்டுபோய் விடும். சார்ல்ஸ் டார்வின் 1842இல் குடிவந்து, 1882இல் கண்மூடும்வரை வாழ்ந்த ஊர். அங்கிருந்து கட்ஹாம் பக்கமாக வயலும் காடும் மாறி மாறி வரும். ஏப்ரல் கடைசிக் கிழமைகளில் அந்த வழியே நடப்பதை எந்தக் கொண்டாட்டத்துக்காகவும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இந்த நாட்டுக் காட்டுப்பூக்கள் அவசரக்காரப் பூக்கள். ஓக்கும் பீச்சும் இலை விரித்துவிட்டால் கீழே நிழல் மூடிவிடும். அதற்கு முன்பே பூத்துக் காய்த்துவிட வேண்டும். மார்ச்சில் வெள்ளை அனிமோன் வரும். கூடவே வெளிர்மஞ்சள் பிரிம்ரோஸ். அவை ஓயும் நேரத்தில் புளூபெல். தூரத்தில் மரங்களுக்கிடையே நீலப் புகை தவழ்வதாகத் தெரியும். கிட்டப் போய்க் குந்தியிருந்து ஒரு தண்டைப் பாருங்கள். நுனி ஒரு பக்கமாக வளைந்து, பூக்கள் எல்லாம் அந்தப் பக்கமே தொங்கும். இதழ் நுனிகள் பின்னுக்குச் சுருண்டிருக்கும். உள்ளே மகரந்தம் வெண்மஞ்சளாக இருக்கும். வீட்டுத் தோட்டங்களில் நிமிர்ந்து நிற்கும் ஸ்பானிய இனத்தில் இந்த வளைவும் இல்லை, காட்டை நிறைக்கும் இந்த வாசமும் இல்லை. விதை விழுந்து முதல் பூ வர ஐந்து வருஷமாவது ஆகும். ஆகவே, ஒரு காட்டுத் தரை முழுக்க நீலம் என்றால், அந்த மண்ணை மனிதர் நெடுங்காலம் கிளறாமல் விட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

போன வருஷம் ஊரிலிருந்து வந்திருந்த மாமியைக் கூட்டிப் போனேன். வன்னியில் கமம் செய்தவர். ஒரு கடப்பைத் தாண்டியதும் பாதை ஒரு கோதுமை வயலுக்கு நடுவால் போனது. மாமி நின்றுவிட்டார்.

"பிள்ளை, இது ஆற்ற காணி?"

"ஆரோ ஒரு கமக்காரன்ர, மாமி."

"கேக்காமல் நடக்கலாமோ?"

நடக்கலாம். வேலிக் கம்பத்தில் அடித்திருக்கும் மஞ்சள் அம்பு அதைத்தான் சொல்கிறது. இங்கிலாந்தின் ஒற்றையடிப் பாதைகளில் பல, கோயிலுக்கும் வேலைக்கும் சந்தைக்கும் நடந்தவர்களின் காலில் உண்டானவை. இன்று சட்டத்தில் பதிந்தவை. வயலுக்குக் குறுக்கே போகும் பாதையை உழுதால், 14 நாளுக்குள் கமக்காரரே அதைத் திருத்திவிட வேண்டும். இந்த உரிமையைத் தட்டில் வைத்து யாரும் நீட்டவில்லை. 1932 ஏப்ரலில் கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் தடையை மீறி நடந்த தொழிலாளர் பிள்ளைகளில் ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். ஊர்ப் பாதைகளை எல்லாம் அரச வரைபடத்தில் குறித்து வைக்கச் செய்த சட்டம் 1949இல்தான் வந்தது. இதைச் சொன்னபோது மாமி ஒன்றும் பேசவில்லை. வயலை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். சொந்தக் காணிக்குத் திரும்பவே வருஷக்கணக்காகக் காத்திருந்தவருக்கு, பிறத்தியார் காணிக்குள் உரிமையோடு நடக்கலாம் என்பது சின்ன விஷயமில்லை.

காட்டுக்குள் நுழைந்ததும் நான்தான் சொன்னேன்: "பாதையை விட்டு இறங்காதேங்கோ, மாமி."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எங்கிருந்து வருகிறது என்று உறைத்தது. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி எச்சரிக்கையாக மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள் நிற்க, எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லி வளர்த்த அதே வார்த்தை. மாமிக்கும் அது பட்டிருக்க வேண்டும்.

"இஞ்ச என்ன இருக்கு?"

"பூ மாமி. மிதிச்சால் இலை நசிஞ்சு போகும். இலை போனால் கிழங்குக்குச் சாப்பாடு இல்லை. அடுத்த வருஷம் பூக்காது."

மாமி சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, பாதையின் நடுவில் அடி பார்த்து வைத்து நடந்தார். போர்க்காலத்திலும் இடம்பெயர்வுகளிலும் நிலத்தைப் பயத்தோடு மட்டும் பார்த்துப் பழகிய தலைமுறை எங்களுடையது. ஆசையோடு நிலத்தைப் பார்க்க இந்த நாட்டு நடை எனக்குக் கற்றுத் தந்தது. அதற்காகவே இந்தப் பாதைகளை எங்கள் சனம் நடக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வாரவிடுமுறை முழுவதும் கல்யாண மண்டபத்திலும் கடைத்தெருவிலும் கரைகிறது. காடோ ஒரு பஸ் தூரத்தில் பூத்து முடிந்துவிடுகிறது.

திரும்பும் வழியில் ஒரு மேட்டுச் சரிவில் பிரிம்ரோஸ் இன்னும் மிச்சமிருந்தது. டார்வின் மணிக்கணக்காகப் பார்த்த பூ. ஒரு செடியில் பூவின் நடுவே ஊசித்தலை போல ஒரு பச்சைப் புள்ளி. பக்கத்துச் செடியில் அதே இடத்தில் மகரந்தப் பைகளின் மஞ்சள் வளையம். ஒரு வகையின் மகரந்தம் மற்ற வகையில் சேர்ந்தால்தான் விதை நன்றாகப் பிடிக்கும் என்று அவர் 1862இல் எழுதினார். மாமிக்கு இது விளங்க ஒரு நிமிஷமும் எடுக்கவில்லை. பூசணிப் பூவுக்குக் கையால் மகரந்தம் தொட்டு வைத்த கை அது.

"சாமிக்கு ரெண்டு பிடுங்கலாமோ?" என்று கேட்டவர், நான் பதில் சொல்லுமுன் தானே வேண்டாம் என்று தலையாட்டினார். பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டு, செடி செடியாகக் குனிந்து, "இது புள்ளி, இது வளையம்" என்று எண்ணத் தொடங்கினார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். அடுத்த பஸ்ஸில் போகலாம் என்றார்.