கயிறும் கர்ணமும்

பத்தாம் வகுப்பில் பிதாகரஸ் தேற்றத்தைப் பல வருடம் ஒரே மாதிரிதான் நடத்தினேன். கூற்று, கொடுக்கப்பட்டது, நிரூபிக்க வேண்டியது, அமைப்பு, நிரூபணம். பிள்ளைகள் மனப்பாடம் செய்து அப்படியே எழுதினார்கள். முக்கோணத்தைத் திருப்பிப் போட்டு வேறு எழுத்துகள் கொடுத்தால் விழித்தார்கள். இது யாருக்கு, எதற்காகத் தேவைப்பட்டது என்று நானும் ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரு வருடம் புத்தகத்தைத் திறக்காமல், துணி காயப்போடும் நைலான் கயிற்றோடு வகுப்பை மைதானத்துக்கு அழைத்துப் போனேன். "ஒரு அறைக்கு வானம் தோண்டணும். மூலை சரியா வரணும். கையில இந்தக் கயிறு மட்டும்தான்" என்றேன். பையன்கள் கண்ணளவில் இழுத்துப் பார்த்தார்கள். ஒரு பெண் கயிற்றை வாங்கி, சாண் சாணாக அளந்து முடிச்சுப் போட்டாள். ஒரு பக்கம் 3, மறுபக்கம் 4, குறுக்கே 5. அவள் அப்பா கொத்தனார். "அப்பா இப்படித்தான் சார் மூலைமட்டம் பார்ப்பார்."

அங்கிருந்து போதாயனரின் சுல்ப சூத்திரத்துக்குப் போவது சுலபமாக இருந்தது. சுல்பம் என்றாலே கயிறுதான். வேள்விக்கான மேடைகளை அளவு பிசகாமல் அமைக்க எழுந்த நூல் அது. 3-4, 5-12, 8-15, 7-24 என்று பக்க அளவுகளை அடுக்கிச் சொல்கிறது. பிதாகரஸுக்கு முந்தையது என்பதே அறிஞர் பலரின் கணிப்பு. அதற்கும் பல நூற்றாண்டு முன்னால் பாபிலோனியர் செய்த களிமண் பலகை ஒன்று இப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்குகிற அளவு. அதில் ஒரு சதுரம், இரண்டு மூலைவிட்டங்கள், கூடவே 2-இன் வர்க்கமூலம், ஐந்து தசம இடம்வரை சரியாக. மாணவன் ஒருவன் கைப்பட எழுதியதாக இருக்கலாம் என்கிறார்கள். அதன் படத்தை வகுப்பில் சுற்றுக்கு விட்டேன். கடைசி பெஞ்சுப் பையன் அதை வெகுநேரம் கொடுக்கவே இல்லை. "வீட்டுப்பாடம் எழுதியிருக்கான் சார்" என்றான்.

மறுநாள் இன்னொருவன் மாமாவின் வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைத் தாளில் எழுதி வந்தான். வர்க்கமூலமே வேண்டாம், பழந்தமிழர் அன்றே கர்ணத்துக்கு வழி சொல்லிவிட்டார்கள் என்றது அது. நீண்ட பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து, குட்டைப் பக்கத்தில் பாதியைக் கூட்ட வேண்டும். 3-4 போட்டோம், 5 வந்தது. 5-12 போட்டோம், 13. வகுப்பு கைதட்டியது. 8-15 போட்டதும் 17 வர வேண்டிய இடத்தில் பதினேழேயரைக்கால் வந்தது. பக்கம் 1 உள்ள சதுரத்துக்கு 1.414-க்குப் பதில் 1.375.

அப்படியே விட மனமில்லை. இந்த வழி எந்தெந்த முக்கோணத்துக்குத் துல்லியமாகப் பொருந்தும் என்று கேட்டேன். பக்கங்களின் விகிதத்தை மாறியாக வைத்து இருபுறமும் வர்க்கப்படுத்தினால் இருபடிச் சமன்பாடு வருகிறது. அவர்கள் அப்போதுதான் படித்து முடித்திருந்த பாடம். தீர்வுகள் இரண்டே இரண்டு: 4:3, 12:5. நாங்கள் முதலில் சோதித்த அதே இரண்டும்! செய்தி கொண்டுவந்தவன் முகம் வாடியது. உத்தேசக் கணக்குக்கு இது நல்ல வழிதான் என்று அவனிடம் சொன்னேன், மனமாரவே சொன்னேன். முன்னோரின் பெருமையை அளந்து பார்த்துச் சொல்வதுதான் அவர்களுக்கு மரியாதை. சரிபார்க்காமல் பரப்புவதை வகுப்பறைக்குள் விடக்கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

அதன் பிறகுதான் யூக்ளிடைச் சொன்னேன். கி.மு. 300 வாக்கில் அலெக்சாந்திரியாவில் இருந்தவர். 'எலிமெண்ட்ஸ்' முதல் புத்தகத்தின் 47-ஆவது தேற்றத்தில் 3, 4 என்று எந்த அளவும் கிடையாது. செங்கோணம் ஒன்று மட்டும்தான் நிபந்தனை. 'ஏதேனும் ஒரு செங்கோண முக்கோணம்' என்று கரும்பலகையில் எழுதியபோது, அந்த 'ஏதேனும்' எவ்வளவு பெரிய சொல் என்பது பிள்ளைகளுக்குப் புரிந்தது. எனக்கும் அன்றுதான் சரியாகப் புரிந்தது.

மணி அடிக்கும் நேரத்தில் கொத்தனார் மகள் எழுந்தாள். "சார், மூலை சரியா இருந்தா குறுக்கே 5 வரும்னு நீங்க நிரூபிச்சீங்க. அப்பா செய்றது வேற. குறுக்கே 5 வர்ற மாதிரி பிடிச்சா மூலை சரியாயிடும்ங்கறார். அதை எங்க நிரூபிச்சோம்?"

யூக்ளிடின் 48-ஆவது தேற்றம் அது, முதல் புத்தகத்தின் கடைசித் தேற்றம். அடுத்து விளையாட்டு வகுப்பு. அந்த ஒரு பீரியடை எனக்குத் தரும்படி உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு, கயிற்றை எடுத்துக்கொண்டு மறுபடி மைதானத்துக்குப் போனோம்.