குசினிக் கத்தியின் கூர்

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் எமது ஊரில் குர்பானிக் கத்திகளுக்கு நல்ல காலம் பிறந்துவிடும். பரணிலிருந்து இறக்கி, சாணை பிடித்து, கூர் பார்த்து வைப்பார்கள். அறுக்கப்படும் பிராணி வேதனைப்படாதிருக்கக் கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளையல்லவா? அதே வீட்டின் குசினிக் கத்தியோ ஆண்டு முழுவதும் உழைக்கிறது. அதைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. தக்காளியை நசுக்குகிறது, இறைச்சியை அறுக்காமல் இழுக்கிறது. அந்த நோவெல்லாம் பெண்களின் மணிக்கட்டில் போய் இறங்குகிறது.

என் உம்மாவுக்கு வயது 72. விரல் மூட்டுகளில் வாதம். சமையலை விட்டுவிடும்படி பிள்ளைகள் எல்லோரும் சொன்னோம். "வெட்டத்தான் மகன் கை ஏலாது, ஆக்க ஏலும்" என்றார். அன்றிலிருந்து கத்தி என் பொறுப்பு.

இறைச்சிக்கடை நானாமார் கையெட்டும் தூரத்தில் ஓர் உருக்குக் கம்பி வைத்திருப்பார்கள். நாலு துண்டு வெட்டியதும் கத்தியை அதில் இரண்டு இழுப்பு இழுப்பார்கள். தீட்டுகிறார்கள் என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில் கத்தியின் விளிம்பு மிக மெல்லியது. தேய்வதற்கு முன்னரே ஒரு பக்கம் மடிந்துவிடும். கம்பி அந்த மடிப்பை நிமிர்த்துகிறது. கல்லோ உருக்கையே அரித்தெடுக்கிறது. எடுத்ததற்கெல்லாம் கல்லில் தேய்த்தால் கத்திதான் கரையும். உம்மா அம்மி விளிம்பில் தேய்த்துத் தேய்த்தே பாவித்த பழைய கத்தி இன்று இரண்டு விரல் அகலம்கூட இல்லை.

கம்பியின் நுனியை மடித்த துணியில் ஊன்றி நிமிர்த்திப் பிடியுங்கள். கத்தி கம்பிக்குக் குறுக்கே நேராக நின்றால் 90 பாகை; அதன் பாதி 45; அதிலும் பாதிக்குச் சற்றுக் குறைவாக, ஏறத்தாழ 20 பாகை சரிவு போதும். பிடிப் பக்கத்திலிருந்து நுனிவரை, மேலிருந்து கீழாக, மெதுவாக இழுக்க வேண்டும். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என மாறி மாறி நாலைந்து தடவை. அழுத்தக் கூடாது, கத்தியின் பாரமே போதுமானது. கடைக்காரரின் வேகம் நமக்கு வேண்டாம், அது அவருடைய பல வருடப் பழக்கம். பிறகு துணியால் துடைத்துவிடுங்கள்.

கம்பி இல்லாத வீட்டில் தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் பளபளப்பில்லாத சொரசொரப்பான வளையத்தில் இழுக்கலாம். ஆனால் அது கொஞ்சம் தேய்க்கவும் செய்யும், அளவாக இருக்கட்டும்.

சகோதரிகளே, கூரைக் கெடுப்பதில் பீங்கானுக்கு நிகரில்லை. அதன்மேல் வைத்து வெட்டாதீர்கள், மரப்பலகை எடுங்கள். வெட்டிய வெங்காயத்தைச் சட்டிக்குள் தள்ளக் கத்தியின் முதுகைத் திருப்புங்கள். எலும்புக்குப் பாரமான கத்தி வேறு இருக்கட்டும். கழுவியதைக் கரண்டிகளோடு சேர்த்துப் போடுவதும் கூடாது.

கூரான கத்தி கையை வெட்டிவிடும் என்று பயப்படுவோர் உண்டு. மொட்டைக் கத்தியைத்தான் அழுத்த வேண்டியிருக்கிறது. அழுத்தும்போதுதான் அது வெங்காயத் தோலில் வழுக்கி விரலுக்கு வருகிறது. ஆனாலும் சிறு பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

எங்கள் வீட்டில் வியாழன் இரவு கம்பியில் இழுப்பேன். உம்மா ஒரு பழுத்த தக்காளியில் வைத்துப் பார்ப்பார். தோலில் வழுக்காமல் இறங்கினால் சரி. கம்பியில் இழுத்தும் வழுக்கினால் விளிம்பு தேய்ந்துவிட்டது. அப்போதுதான் கல்லை எடுப்பேன், வருடத்தில் மூன்று நாலு முறை.