மெடல் இல்லாத டி-ஷர்ட்

போன வருஷம் ஜனவரியில் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குத் திரும்பியபோது அவள் ஒரு நீல நிற டி-ஷர்ட் போட்டிருந்தாள். முதுகில் பெரிய எழுத்தில் ‘21 கி.மீ.’ என்று இருந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமியார் அதைப் பார்த்ததும் முழங்கால் வலியையும் மறந்து எழுந்து வந்தார்.

“முடிச்சுட்டியா கண்ணு?”

அவள் சிரித்தாள். ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

அந்த டி-ஷர்ட் ஓடி முடித்தவர்களுக்கான பரிசு அல்ல. முந்தின நாள் எண் அட்டை வாங்கப் போனபோது, பணம் கட்டிய எல்லோருக்கும் கொடுத்தது. ஓடி முடித்தவர்களுக்கு மெடல் உண்டு. அது அவளிடம் இல்லை. 14-வது கிலோமீட்டரை 2 மணி 15 நிமிடத்துக்குள் தாண்ட வேண்டும் என்பது விதி. அவள் 9 நிமிடம் தாமதம். அங்கேயே நிறுத்தி, ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டுவந்து விட்டார்கள்.

ராத்திரி சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அதற்குள் மாமியார் பக்கத்து வீடு, எதிர் வீடு, பால்காரர், சின்ன மாமனார் வீடு என்று எல்லோருக்கும் சொல்லி முடித்திருந்தார். “எங்க மருமக மலையில 21 கிலோமீட்டர் ஓடிட்டா!” மறுநாள் அவள் கணக்கு எழுதும் ஜவுளிக் கடையில் முதலாளியே ஸ்வீட் வாங்கி வைத்திருந்தார். அதற்கப்புறம் சொல்ல வாய் வரவில்லை.

பத்து ரூபாய் இடித்தாலும் கணக்கு நேராகும் வரை வீட்டுக்குக் கிளம்பாதவள் அவள். இந்த ஒரு கணக்கு மட்டும் ஒரு வருஷமாக இடித்துக்கொண்டே இருந்தது.

ஓட்டம் அவள் தேடிப் போனதல்ல. 44 வயதில் எடுத்த பரிசோதனையில், வெறும் வயிற்று சர்க்கரை 118 என்று வந்தது. 100-க்குள் இருக்க வேண்டும். 126-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். “நடுவுல நிக்கிறீங்க. தினமும் நடங்க” என்றார் டாக்டர். நடந்தாள். நடை வேகமானது, வேகம் ஓட்டமானது. அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வரை விடியற்காலை 5 மணிக்கு ஓடும் நாலைந்து பேரில் அவளும் ஒருத்தி ஆனாள். சாலையில் அரை மாரத்தான் தூரமான 21.0975 கிலோமீட்டரை இரண்டரை மணி நேரத்தில் ஓடியும் விட்டாள். அந்தத் தைரியத்தில்தான் மலைப்பாதை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தாள்.

சாலையும் மலைப்பாதையும் ஒன்றல்ல. சாலையில் கால் தானாகப் போகும். காப்பித் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் ஒவ்வொரு அடிக்கும் கண் வேண்டும். வேர், உருட்டுக்கல், பனியில் நனைந்த சருகு. போன வருஷம் முதல் 7 கிலோமீட்டர் இறக்கத்தில், எல்லோரும் ஓடுகிறார்களே என்று அவளும் பறந்தாள். மூச்சு வாங்கவில்லை, அதனால் சுலபம் என்று நினைத்தாள். ஆனால் இறக்கத்தில் உடம்பின் எடையை ஒவ்வோர் அடியிலும் பிரேக் போட்டுத் தாங்குவது தொடைத் தசை. நீண்டுகொண்டே இறுகும் அந்த வேலைதான் தசையை அதிகம் நைக்கும். பள்ளத்தாக்கின் அடியில் போய்த் திரும்பி ஏற வேண்டியபோது அவளுக்குத் தொடையே இல்லை.

இந்த முறை யாரிடமும் சொல்லாமல் தயாரானாள். வாரத்தில் இரண்டு நாள் குமரகிரி முருகன் கோயில் படிகள். ஏறுவதற்காக அல்ல, இறங்கிப் பழக. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காடு அடிவாரத்திலிருந்து மேலே நடந்து, கொண்டை ஊசி வளைவுகளில் சிற்றடி வைத்துக் கீழே ஓட்டம். உடன் ஓடும் ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார். “செங்குத்தான மேட்டுல நீ ஓடுறதுக்கும் வேகமா நடக்குறதுக்கும் நேரம் பெருசா வித்தியாசப்படாதும்மா. மூச்சுதான் வீணாகும். கையைத் தொடையில ஊன்றி நட.”

“மறுபடியும் எதுக்கு? அதான் ஒரு தடவை முடிச்சாச்சே?” என்று கணவர் கேட்டார். அவள் ஷூ கயிற்றைக் கட்டுவதில் மும்முரமாக இருந்தாள்.

பொங்கல் கழிந்த ஞாயிறு, காலை ஆறரை மணி. ஏரிப் பக்கம் பனி மூடியிருந்தது. காட்டெருமையைப் பார்த்தால் நின்றுவிடுங்கள், செல்ஃபி எடுக்கப் போகாதீர்கள், மரத்தில் கட்டிய ரிப்பன்தான் வழி என்று அறிவித்தார்கள். இறக்கம் ஆரம்பித்ததும் இளவட்டங்கள் பாய்ந்தன. அவள் பின்னால் தள்ளிக்கொண்டு, மாடிப்படி இறங்குவதுபோல் சிறு சிறு அடியாக இறங்கினாள். அறுபது எழுபது பேர் தாண்டிப் போனார்கள். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருந்தது. அடியில் காப்பிச் செடிகளில் பழம் சிவந்து கிடந்தது. போன வருஷமும் இதெல்லாம் இருந்திருக்கும், அவள் பார்க்கவில்லை.

ஏற்றத்தில் கையை ஊன்றி நடந்தாள். தாண்டிப் போனவர்களில் சிலர் பாறை மேல் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். உப்பு தொட்ட எலுமிச்சைத் துண்டு, அரை வாழைப்பழம், இரண்டு மடக்குத் தண்ணீர். 14-வது கிலோமீட்டர் மேஜை.

“2 மணி 11 நிமிஷம். போங்கக்கா!” என்றான் கடிகாரம் வைத்திருந்த பையன்.

அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் அழவும் மூச்சு வேண்டுமே.

17-வது கிலோமீட்டரில் சோதனை வந்தது. பாதை ஒரு தார்ச்சாலையைத் தொட்டது. ரிப்பன் இடது பக்கம், மறுபடி தோட்டத்துக்குள் ஒரு சுற்று போகச் சொன்னது. நேராகப் போனால் அந்தச் சாலை ஏரிக்கே போய்விடும். இரண்டு கிலோமீட்டர் மிச்சம். வலது கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது. முன்னால் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை. கடிகாரம் 2 மணி 50 காட்டியது. மொத்தம் 3 மணி 45 நிமிடத்தில் முடிக்க வேண்டும்.

நின்றாள். சாலையையும் பார்த்தாள், ரிப்பனையும் பார்த்தாள். ஏற்கெனவே ஒரு டி-ஷர்ட் வீட்டில் இருக்கிறது. அதை இந்த ஒரு வருஷத்தில் அவள் ஒருமுறைகூடப் போட்டதில்லை. இடது பக்கம் திரும்பினாள்.

அந்தச் சுற்றில் ஒருமுறை வழுக்கி விழுந்தாள். உள்ளங்கை தேய்ந்தது. கடைசி ஆளுக்குப் பின்னால் வரும் தன்னார்வலர்களின் பேச்சுக்குரல் எங்கோ கேட்டது. கொஞ்சம் நடை, கொஞ்சம் ஓட்டம், தூரத்து மரத்தைக் குறிவைத்து மறுபடி ஓட்டம். முடிவுக் கோட்டைத் தாண்டியபோது 3 மணி 42 நிமிடம். அவளுக்குப் பின்னால் நேரத்துக்குள் வந்தவர்கள் இரண்டு பேர். கழுத்தில் மெடலை மாட்டிய பெண்ணுக்கு அவள் மகள் வயதுதான் இருக்கும். “வலிக்குதா ஆன்ட்டி?” என்று கேட்டாள். “இல்லம்மா” என்றாள் அவள். அன்றைக்கு அவள் சொன்ன ஒரே பொய் அதுதான்.

பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கும் வரை மெடலைக் கைக்குள்ளேயே வைத்திருந்தாள். வீட்டுத் திண்ணையில் மாமியார். அவர் கேட்பதற்கு முன்னால், பக்கத்தில் உட்கார்ந்து மெடலை அவர் மடியில் வைத்தாள்.

“அத்தை, போன வருஷம் நான் முடிக்கலை. பாதியிலேயே நிறுத்திட்டாங்க. சொல்லத் தைரியம் வரலை. இந்த வருஷம்தான் முடிச்சேன்.”

மாமியார் மெடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் கோபமில்லை, வேறு கவலை.

“அடக் கடவுளே! நான் தெரு முழுக்கச் சொல்லி வச்சிருக்கேனே. இப்ப ரெண்டு தடவைன்னு சொல்றதா, ஒரு தடவைன்னு சொல்றதா?”

“ஒரு தடவைதான் அத்தை.”

மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “கையில என்ன ரத்தம்? போய்க் கழுவு, மஞ்சள் வைக்கிறேன்” என்று எழுந்தார்.

மறுநாள் காலை தொடைகள் கல்லாகியிருந்தன. மாடிப்படியில் நேராக இறங்க முடியாமல், கைப்பிடியைப் பிடித்தபடி பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக இறங்கினாள் அவள். வாசலில் பால்காரரிடம் மாமியார் பேசும் சத்தம் கேட்டது. போன வருஷத்தைவிடக் குரல் உயர்ந்துதான் இருந்தது.

“போன வருஷம் முடியலைன்னு பாதியில இறக்கிவிட்டுட்டாங்க. மறுபடி போய் முடிச்சுட்டு வந்திருக்கா. உள்ள வாங்க, மெடலைக் காட்டுறேன்!”