தட்டிப் பார்த்துச் சொல்கிறார் சுசித்ரா!

பலாப்பழ வியாபாரி கத்தி எடுப்பதற்கு முன்னால் பழத்தைத் தட்டிப் பார்ப்பார். சத்தத்தை வைத்தே உள்ளே சுளை பழுத்திருக்கிறதா, இன்னும் காயா என்று சொல்லிவிடுவார். சுசித்ரா செபாஸ்டியன் செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலைதான். அவர் தட்டுவது பழத்தை அல்ல, படிகத்தை. விரலுக்குப் பதில் காந்தம்.

சென்னை நுங்கம்பாக்கம், காலேஜ் ரோட்டிலிருக்கும் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர் சுசித்ரா. அடுத்து அகமதாபாத் ஐஐஎம்-மில் எம்பிஏ. நிர்வாக ஆலோசகராக வேலை. எல்லோரும் ஆசைப்படும் பாதை. அந்த வேலையை விட்டுவிட்டு மறுபடி இயற்பியல் படிக்க அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டுக்குப் போனார். நம் வீடுகளில் ஒரு பெண் இப்படி அறிவித்தால் அன்று ராத்திரி சாப்பாடு இறங்காது! முனைவர் பட்டம் முடித்தவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். இன்று அங்கே பேராசிரியர்.

அவரை இழுத்துப் பிடித்த புதிர்களில் ஒன்று சூப்பர் கண்டக்டர். பள்ளிப் புத்தகத்தில் 'மீக்கடத்தி' என்று படித்திருப்போம். துளிகூடத் தடையில்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள். ஆனால், கடுங்குளிரில் வைத்தால்தான் இந்த வித்தை நடக்கும். 1986-ல் பெட்னார்ஸ், முல்லர் இருவரும் தாமிரமும் ஆக்ஸிஜனும் கலந்த ஒரு பீங்கான் போன்ற பொருளில் இது சற்றுக் கூடுதல் வெப்பத்திலேயே நடப்பதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே நோபல் பரிசு. அதே 1987-ல் இட்ரியம் சேர்த்த இன்னொரு தாமிர ஆக்ஸைடு, மைனஸ் 180 டிகிரியிலேயே அந்த வித்தையைக் காட்டியது. மைனஸ் 180 ஒன்றும் ஊட்டிக் குளிர் இல்லை. ஆனாலும், விலை குறைந்த திரவ நைட்ரஜனே அதைக் குளிர்விக்கப் போதும்.

ஏன் இப்படி நடக்கிறது? அங்கேதான் சண்டை ஆரம்பித்தது. இந்தப் பொருளுக்குள் எலெக்ட்ரான்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதிலேயே ஒத்த கருத்து இல்லை.

உலோகத்தில் எலெக்ட்ரான்கள் தியேட்டர் சீட் மாதிரி வரிசையாக நிரம்பும். உள்ளே உட்கார்ந்தவர் நகர இடமில்லை. கடைசி வரிசைக்காரர்தான் எழுந்து நடமாட முடியும். மின்சாரத்தைச் சுமப்பதும் அந்தக் கடைசி வரிசைதான். அதன் எல்லைக்கோட்டுக்குப் பெயர் ஃபெர்மி பரப்பு.

அதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால், காந்தப் புலத்தில் வைத்தால் எலெக்ட்ரான்கள் வட்டமடிக்கும். இஷ்டப்பட்ட அளவில் அல்ல, குறிப்பிட்ட அளவுகளுக்கு மட்டுமே அனுமதி. புலத்தைக் கூட்டக் கூட்ட, அந்த வட்டங்கள் ஒவ்வொன்றாக எல்லையைத் தாண்டும். தாண்டும் ஒவ்வொரு முறையும் பொருளின் மின்தடை ஏறி இறங்கும். இதுதான் குவாண்டம் அலைவு. 1930-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் டி ஹாஸ், வான் ஆல்ஃபன் இருவரும் பிஸ்மத்தின் காந்தத்தன்மையில் இப்படியோர் ஏற்ற இறக்கத்தை முதலில் பார்த்தார்கள். அலைவுகள் நெருக்கமாக வந்தால் பரப்பு பெரியது, தள்ளித் தள்ளி வந்தால் சிறியது என்ற கணக்கை 1952-ல் ஆன்சாகர் கொடுத்தார்.

சாதாரண உலோகத்துக்கு இது எளிது. தாமிர ஆக்ஸைடிலோ மீக்கடத்தும் நிலை எலெக்ட்ரான்களைப் போர்வை போல மூடிக்கொள்கிறது. போர்வையை விலக்க ராட்சதக் காந்தம் வேண்டும். ஸ்கேன் சென்டர் எம்ஆர்ஐ பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா. பிரான்ஸின் துலூஸ் ஆய்வகத்தில் 62 டெஸ்லா வரை போனார்கள், அதுவும் கண் இமைக்கும் நேரத்துக்கு மட்டும். படிகமும் மாசில்லாமல் இருக்க வேண்டுமே! அதைக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வளர்த்தார்கள். 20 வருடத் தேடலுக்குப் பிறகு, 2007-ல் அலைவு தெரிந்தது.

ஆனால், பரப்பு சுண்டைக்காய் அளவு! இருக்கக்கூடிய மொத்த இடத்தில் 2 சதவிகிதம்கூட இல்லை. அடுத்த ஆண்டு, எலெக்ட்ரான் கணக்கு வேறாக இருக்கும் இன்னொரு தாமிர ஆக்ஸைடில் அளந்தால் சுமார் 65 சதவிகிதம். ஒரே குடும்பத்தில் இத்தனை வித்தியாசமா? பெரிய பரப்பு எங்கே போனது?

இந்தக் கேள்வியில்தான் சுசித்ரா வருகிறார். 2008-லிருந்து அவரும் சகாக்களும், அமெரிக்காவின் உயர் காந்தப்புல ஆய்வகத்திலும் சேர்த்து, அளந்துகொண்டே இருந்தார்கள். 2014-ல் அவர்கள் சொன்ன விடை: எலெக்ட்ரான்கள் தங்களுக்குள்ளேயே கோலப் புள்ளி போல ஓர் ஒழுங்கில் நிற்கின்றன. அந்த ஒழுங்கு பெரிய பரப்பைத் துண்டு துண்டாக வெட்டிவிடுகிறது. அலைவில் கேட்டது ஒரு துண்டின் சத்தம்தான்.

2022-ம் ஆண்டுக்கான நியூ ஹொரைசன்ஸ் பரிசு அவருக்குக் கிடைத்தது. தாமிர ஆக்ஸைடுகளுக்காக மட்டுமல்ல, இன்னொரு விசித்திரத்துக்காகவும்தான். சமேரியம் ஹெக்ஸாபோரைடு என்ற பொருளைக் கடுங்குளிரில் வைத்தால் மின்சாரம் பாயாது. நடமாட எலெக்ட்ரான் இல்லை, ஆகவே ஃபெர்மி பரப்பும் இருக்கக்கூடாது. அதை அவருடைய குழு காந்தத்தில் வைத்துப் பார்த்தது. உலோகத்தில் வருவது போலவே அலைவு வந்தது. 2015-ல் அந்த முடிவு வெளியானது.

கருங்கல்லைத் தட்டினால் பலாப்பழச் சத்தம்! அது எப்படி என்று இயற்பியலாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.