ஒப்பனை மட்டுமா?

ஜப்பானின் விஷுவல் கெய் ராக் குழுக்கள் என்றதும் விறைத்து நிற்கும் தலைமுடியும் மை தீட்டிய கண்களும்தான் பேச்சாகிறது. அவர்களை நிலைநிறுத்தியது ஒப்பனை அல்ல, சொந்த லேபிள் என்பேன். எக்ஸ் குழுவில் டிரம்ஸும் பியானோவும் வாசித்த யோஷிகி 1986இல் எக்ஸ்டஸி ரெக்கார்ட்ஸைத் தொடங்கினார். குழுவின் முதல் ஆல்பம் 1988இல் அதில்தான் வந்தது. பெரிய கம்பெனியான சிபிஎஸ் சோனியில் ஆல்பம் வந்ததெல்லாம் அடுத்த ஆண்டுதான். லூனா சீ, கிளே ஆகிய இரு குழுக்களின் முதல் ஆல்பங்களையும் வெளியிட்டது அதே லேபிள். பெரிய கம்பெனியின் தயவுக்குக் காத்திராமல், முன்னால் போனவர் பின்னால் வருபவருக்குக் கதவைத் திறந்துவிட்டார். எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

ஒப்பனை இல்லாமல் யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் கிளே அந்தக் கோலத்தை விட்ட பிறகும், 1999 ஜூலையில் மகுஹாரியில் ஒரே கச்சேரிக்கு சுமார் 2 லட்சம் பேர் திரண்டார்கள். எக்ஸ் ஜப்பான் எனப் பெயர் மாறிய எக்ஸ் குழுவே 1997இல் கலைந்துவிட்டதே என்றால், பாடகர் டோஷி விலகியதால் வந்த முறிவு அது. அந்த லேபிளில் தொடங்கிய கிளே இன்றும் பாடிக்கொண்டிருக்கிறது.