அக்கா வீட்டுச் சேறு

17 டிசம்பர் 2021, வெள்ளி
காலையிலிருந்து மழை. விட்டபாடில்லை. துணி காயவில்லை. முட்டி வலி. தென்சீனக் கடலில் ஏதோ தாழ்வு மண்டலமாம். வடகிழக்குப் பருவமழை என்றால் கிளந்தான், திரங்கானு, பகாங்தானே. நமக்கென்ன. சாயங்காலம் வாழைக்காய் பஜ்ஜி போட்டேன். குளிர் சுகமாக இருந்தது.

18 டிசம்பர், சனி
இன்னும் மழை. ஸ்ரீ மூடாவிலிருந்து அக்கா. "வாசலுக்குத் தண்ணி வந்துருச்சுடி." அடுத்த போனில் முழங்கால். அடுத்ததில் இடுப்பு. கரண்டு இல்லை. மாமா அம்மாவை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இன்சுலின் கீழே, ஐஸ்பெட்டியில். அதற்குப் பிறகு போன் போகவில்லை. இவர் காரை எடுத்தார். கூட்டரசு நெடுஞ்சாலையிலேயே தண்ணீர். திரும்பி வந்துவிட்டார். ஏன் திரும்பினார்? வேறென்ன செய்வார்?

19 டிசம்பர், ஞாயிறு
தூங்கவில்லை. கோலாலம்பூரில் ஆண்டு முழுக்கப் பெய்வதே 2,400 மில்லிமீட்டர். ஒரு மாத மழைக்கும் மேலே ஒரே நாளில் கொட்டியதாம். நூறு ஆண்டுக்கு ஒருமுறை வருவது என்கிறார் ஓர் அதிகாரி. 1995-இல் அதே ஸ்ரீ மூடா முங்கியதே! பக்கத்து வீட்டுத் தாத்தா அந்தக் கதையை எத்தனை முறை சொல்லியிருக்கிறார். 26 வருஷம்தான் ஆகிறது.
பெட்டாலிங் ஜெயா குருத்துவாராவில் சாப்பாடு பொட்டலம் கட்டுகிறார்கள். போனேன். கை கட்டியது. மனசு அங்கே இல்லை.

20 டிசம்பர், திங்கள்
வந்துவிட்டார்கள். கூப்பிட்ட எந்த எண்ணிலும் ஆள் எடுக்கவில்லையாம். யாரோ இரண்டு மலாய்க்காரப் பையன்கள் சொந்தப் படகோடு வந்து அம்மாவை இறக்கியிருக்கிறார்கள். பெயர்கூடக் கேட்கவில்லை. அம்மாவுக்கு இனிப்புநீர் 19. கால் விரலெல்லாம் வெளுத்து ஊறிக் கிடக்கிறது. கையைப் பிடித்தால் விடமாட்டேன் என்கிறாள்.
ராத்திரி தூறல். அம்மா, அக்கா, நான் மூவரும் எழுந்து உட்கார்ந்துவிட்டோம்.

23 டிசம்பர், வியாழன்
வெயில். வீடு கழுவப் போனோம். சேறு. நாற்றம். தெரு நெடுக மெத்தை, அலமாரி, டிவி, தையல் மெஷின், பிள்ளைகளின் பள்ளிப் பைகள். சுவரில் தண்ணீர்க் கோடு என் தலைக்கு மேலே. கல்யாண ஆல்பம் ஒரே கட்டியாக ஒட்டிப்போயிருக்கிறது. அக்கா அழவில்லை. சேற்றைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை. அவள் மேல் கோபம் வந்தது. அவள் மேல் எதற்குக் கோபம்?
இடுப்பு விட்டுப்போயிற்று.

28 டிசம்பர், செவ்வாய்
ராத்திரி மழை. மகனிடம் கேட்டேன், என்னடா இது என்று. காற்று ஒரு டிகிரி சூடேறினால் 7 விழுக்காடு அதிகமாக நீராவி பிடிக்குமாம். பிடித்ததை எங்கேயாவது ஒரே மூச்சில் கொட்டுமாம். உலகம் ஏற்கெனவே ஒரு டிகிரிக்கு மேல் சூடேறிவிட்டது என்கிறான். இங்கே நாமும் காட்டை அழித்தோம், ஈயக் குட்டைகளை மூடித் தாமான் கட்டினோம். தண்ணீர் எங்கே போகும்? இனி யாராவது நூறு ஆண்டு என்று சொல்லட்டும், கத்திவிடுவேன்.

14 ஜனவரி 2022, வெள்ளி
பொங்கல். பானை பொங்கியது. அக்கா கொஞ்சம் சிரித்தாள். நல்ல நாள் என்று நினைத்தேன். மத்தியானம் இருட்டிக்கொண்டு வந்தது. அம்மா எழுந்து போய் ஐசி, மருந்து, நகை எல்லாவற்றையும் பையில் கட்டினாள். "பத்தாவது மாடிம்மா, இங்க வராது." காதில் வாங்கவில்லை. இடி. நானும்தான் ஜன்னலை விட்டு நகரவில்லை. சின்ன வயதில் மழை வந்தால் தெருவுக்கு ஓடிய பிள்ளைகள் நாங்கள்.

28 ஜனவரி, வெள்ளி
மழை இல்லை. புள்ளிவிவரத் துறைக் கணக்கு வந்துவிட்டது. நாடு முழுக்க 610 கோடி வெள்ளி நட்டம். சிலாங்கூரில் மட்டும் 310 கோடி. செத்தவர்கள் 50 பேருக்கு மேல். அக்காவுக்கு உதவிப் பணம் வந்தது; ஐஸ்பெட்டியும் துணி மெஷினும் வாங்கவே சரியாகிவிட்டது. வீட்டை விற்கலாம் என்றால் வாங்க ஆளில்லை. பேங்க் கடன் இன்னும் ஓடுகிறது. அடுத்த மாதம் அங்கேயே திரும்பிப் போகிறார்கள். அம்மாவை நான் அனுப்பமாட்டேன்.