ஒருநாள் விட்டு ஒருநாள்

1/ ஸ்ரீரங்கத்தில் இருந்து பாலம் தாண்டி தில்லை நகருக்கு என்னிடம் வருகிற பாட்டி. சுகர் 280.
"மாத்திரை போடுறீங்களாம்மா?"
"ஒருநாள் விட்டு ஒருநாள், டாக்டர். கட்டுப்படியாகலை."
2022க்கு முந்தின கதை. நான் எழுதிக் கொடுத்தது சிட்டாகிளிப்டின்.

2/ இந்த மூலக்கூறுக்கு இடக்கை, வலக்கை மாதிரி இரண்டு வடிவம். மருந்துக்கு வேண்டியது ஒன்றுதான். அதை மட்டும் செய்ய முதலில் ரோடியம் என்ற விலை உயர்ந்த உலோகமும் அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜனும் தேவைப்பட்டன.

3/ மெர்க், கோடெக்சிஸ் விஞ்ஞானிகள் பாக்டீரியாவில் இருந்து வந்த ஒரு என்சைமை எடுத்தார்கள். ஆரம்பத்தில் அது இந்த வேலையைச் செய்யவே இல்லை. படிப்படியாக 27 இடங்களில் மாற்றினார்கள். வேண்டிய வடிவத்தை மட்டும் செய்தது! ரோடியம் தேவையில்லை, கழிவும் 19% குறைவு. 2010ல் ஆய்வு வெளியானது.

4/ உடனே விலை குறைஞ்சுதா? இல்லைங்க. 2022 ஜூலையில் இங்கே காப்புரிமை முடிந்த பிறகுதான் குறைந்தது. அந்த வருடமே மக்கள் மருந்தகத்தில் 50 மி.கி. மாத்திரை 10, வெறும் 60 ரூபாய்க்கு வந்தது.

5/ பாட்டி இப்போ தினமும் போடுறாங்க. தப்பு என்னோடது. வாங்க முடியுமான்னு கேட்காமலே எழுதியிருந்தேன். கட்டுப்படியாகலைன்னா மாத்திரையை நீங்களா குறைக்காதீங்க. டாக்டர்கிட்ட வெட்கப்படாம சொல்லுங்க.